கொத்தனாரிடம் பாடம் கேட்டவர்கள்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் பசுமலை நிற்கிறது. கோடையில் அதன் அடிவாரத்துத் தெருக்களில் நடந்தால், வீடுகளில் பசுமை இல்லை என்பது புலனாகும். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், இரவு நெடுநேரம்வரை வெப்பத்தை அறைக்குள் இறக்குகிறது. அதே வெயிலில் நகருக்குள் சென்று திருமலை நாயக்கர் மஹாலில் நுழைந்தால் உடல் குளிர்கிறது. காரணம் யாது?

1636-இல் எழுந்த அம்மஹால் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. பருத்த சுவர், உயர்ந்த கூரை, திறந்த முற்றம் ஆகியவையே அதன் குளிர்சாதனங்கள். இந்து மன்னரின் அரண்மனையில் முஸ்லிம் கட்டடக் கலைக்குரிய வளைவுகளும் குவிமாடமும் உரிமையோடு அமர்ந்திருப்பதையும் அங்கே காண்கிறோம்.

சிதைந்து கிடந்த மஹாலைச் சீரமைக்க முனைந்தவர் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு (1866–1872). வளைவும் குவிமாடமும் கொண்ட முஸ்லிம் பாணியே இந்நாட்டுக்கு ஏற்றதென 1870-இல் வாதிட்டவரும் அவரே. பணியை ஏற்றவர் ராபர்ட் சிசோம் என்னும் ஆங்கிலேயர். ஆளவந்த இனத்தைச் சார்ந்த அவர், ஆளப்பட்டோரின் கட்டடங்களை ஆசானாகக் கொண்டார். திருவனந்தபுரத்தில் அவர் வரைந்து 1880-இல் நிறைவுற்ற அருங்காட்சியகம், கேரள வீடுகளின் சரிந்த கூரையைச் சூடி, காற்று இயல்பாக உலவுமாறு அமைந்துள்ளது.

மேற்கிலிருந்து வந்தவர் கிழக்கிடம் கற்றார். கிழக்கில் பிறந்தவரோ தம் மண்ணிடமே மீண்டும் கற்க நேர்ந்தது. எகிப்தின் ஹஸன் ஃபத்ஹி (1900–1989) மேற்கத்திய முறையில் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் மரமும் இரும்பும் கிட்டாதபோது, மரச்சாரமின்றி வெறும் மண் செங்கல்லால் வளைகூரை எழுப்பும் நூபியக் கொத்தனார்களை அவர் நாடினார். அவர்தம் கைத்திறனைக் கொண்டு 1945-இல் புதிய குர்னா கிராமத்தைத் தொடங்கிப் பள்ளிவாசலும் சந்தையும் எழுப்பினார். எனினும் பழைய ஊரை விட்டுவர மக்கள் இசையவில்லை. திட்டம் பாதியில் நின்றது. கொத்தனாரைக் கேட்டால் மட்டும் போதாது, குடியிருப்போரையும் கேட்டாக வேண்டும் என்பதே அத்தோல்வி தந்த பாடம். ஆயினும் 1980-இல் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழு அவரைத் தலைவர் விருதால் சிறப்பித்தது.

இவ்வரலாற்றை நாம் ஈண்டு நினைவூட்டுவது வீண் பெருமைக்காக அன்று. நம் ஊர்களில் பழைய பள்ளிவாசல்களின் சுண்ணாம்புச் சுவர்களை இடித்துக் கான்கிரீட் எழுப்புகிறோம். பின்னர் வெப்பம் தாளாமல் குளிர்சாதனம் பூட்டி, அதன் மின்கட்டணத்துக்குச் சந்தா திரட்டுகிறோம். ஒளுச் செய்யும் நீரிலும் வீண்விரயம் கூடாதென்று கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. கட்டடத்தில் மட்டும் அதற்கு விலக்கு உண்டோ?

இடிக்கும் முன், ஊரின் முதிய கொத்தனாரை அழைத்து ஒருமுறை கேட்போம். சிசோமும் ஃபத்ஹியும் கற்ற இடம் அதுவே.