தொட்டியும் தபாலும்

வட்டத்தொட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சி.யின் வீடு, அதில் ஒரு வட்டத் தொட்டிக்கட்டு, ஞாயிற்றுக்கிழமை, சுற்றி நண்பர்கள், கம்பனில் ஒரு பாட்டு. அதற்குமேல் எழுதுகிறவரின் குரல் தழுதழுத்துவிடும். அங்கே ஒரு நாள்கூட உட்காராதவர்களும், டி. கே. சி. காலமானபின் பிறந்தவர்களும் இதே தழுதழுப்போடு எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்கு யோசிக்கத்தக்கதாகப் படுகிறது. பார்த்திராத ஒரு வீட்டுக்காக இத்தனை ஏக்கம் எங்கிருந்து வருகிறது? வட்டத்தொட்டியின் சரித்திரத்தில் பாதி அந்த வீட்டுக்கு வெளியே நடந்தது என்பது என் எண்ணம்.

தொட்டிக்கட்டு என்றால் என்னவென்று இப்போது சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. வீட்டின் நடுவே வானத்துக்குத் திறந்துவிட்ட ஒரு தாழ்ந்த முற்றம். சுற்றிலும் தாழ்வாரம். மழை பெய்தால் ஓட்டுத் தண்ணீர் உள்ளே வந்து விழும். இந்த மாதிரி வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். வானத்தை மட்டும் உள்ளே அனுமதிக்கும். வெயிலும் காற்றும் வேண்டும், ஆனால் தெரு வேண்டாம் என்று நினைக்கிறவர்களின் கட்டடக் கலை. ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு இந்தப் பெயர் அமைந்தது தற்செயல்தான். தற்செயல்கள் சில சமயம் விமர்சகர்களைவிடப் புத்திசாலிகள்.

டி. கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தார், சட்ட மேலவையில் இருந்தார், அறநிலையக் கமிஷனராக இருந்தார். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954இல் அங்கேயே காலமானார். சூலக்கரையிலிருந்து பார்த்தால் இந்த வாழ்க்கை ஒரு ரயில் வரைபடம் போலத் தெரியும். விருதுநகர் சந்திப்பில் தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலிக்கு, அதாவது வண்ணார்பேட்டைக்கு. மற்றது சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு, அதாவது குற்றாலத்துக்கு. இந்த இரண்டாவது தடம் 1927இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் கரிசல், கந்தகம், தீப்பெட்டி. எங்கள் பக்கம் தொட்டிக்கட்டு வைத்துக் கட்டுகிற அளவுக்கு நிலமும் நெல்லும் அநேகம் பேருக்கு இருந்ததில்லை. தாமிரவருணி பாய்கிற ஊரின் சாவகாசம் வேறு.

அங்கே கூடியவர்கள் யார் என்பது முக்கியம். பண்டிதர்கள் அதிகமில்லை. பாஸ்கரத் தொண்டைமான் ரெவின்யூ உத்தியோகஸ்தர். மகராஜன் நீதித் துறை. அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். பகலெல்லாம் இங்கிலீஷில் கோப்பு எழுதி, இங்கிலீஷில் வாதாடி, இங்கிலீஷில் பாடம் நடத்திவிட்டு வந்தவர்கள். வீட்டில் பேசுகிற தமிழ் அவர்களுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தோடு சேர்த்துப் புகட்டப்பட்ட தமிழும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கவிதை தங்க ஓர் இடமில்லை. சொந்த பாஷையில் தனியாகிப் போனவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கிவிட்டு நகைக்கடன் ரசீது எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இந்தத் தனிமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டி. கே. சி. அவர்களுக்குக் கொடுத்தது ஆராய்ச்சி அல்ல. பாட்டைச் சந்தி பிரித்து, நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார். உரை இல்லை, மேற்கோள் இல்லை. பாவம் என்ன, உருவம் என்ன, எந்தச் சொல்லில் பாட்டு திரும்புகிறது, அவ்வளவே. முத்தொள்ளாயிரத்தை அகராதி வைத்துக்கொள்ளாத ஆள் படிக்கிறான் என்றால் அந்த வழியை வெட்டியதில் பெரும்பங்கு அவருடையது. புலமை இல்லாதவனுக்கும் காது இருக்கிறது என்று அந்தக் காலத்தில் துணிந்து சொன்னது சின்னக் காரியமல்ல. பின்னால் வந்த நவீன விமர்சனம் இந்தக் கடனை ஒப்புக்கொண்டதில்லை. ரசனை என்ற சொல்லையே வசைச் சொல்லாக்கிவிட்டோம்.

ஆனால் தாழ்வாரத்தில் எத்தனை பேர் உட்கார முடியும்? இருபது, முப்பது. மீதிப்பேருக்கு அந்த இடம் தபாலில் வந்தது. டி. கே. சி. கடிதம் எழுதுவதில் சளைக்காதவர். 'கல்கி' பத்திரிகையில் வந்த 'கம்பர் தரும் ராமாயணம்' தொட்டியை வாராவாரம் ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. அவருடைய மகன் தீத்தாரப்பன் இறந்தபோது கவிமணி எழுதிய இரங்கற்பா இந்த நட்பின் உச்சம். மகனைப் பறிகொடுத்தவருக்கு நண்பர் செய்யக் கூடியது பாட்டு எழுதுவது. அதைப் பெற்றுக்கொள்ளத் தெரிந்த தகப்பனாரும் இருந்தார். இதைக் கேலி செய்ய என்னால் முடியாது. இலக்கியம் ஆறுதலுக்கா என்று முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இந்தச் சுகத்துக்கு விலை இருந்தது. கம்பனில் தமக்குப் பிடிக்காததை இடைச்செருகல் என்று டி. கே. சி. தள்ளினார், சில இடங்களில் சொற்களையே மாற்றினார். பாடத்தை இப்படித் திருத்த ஆதாரம் என்ன என்று வெளியே புலவர்கள் கேட்டார்கள், கோபமாகவே கேட்டார்கள். அந்தக் கேள்வி தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே போய் எதையும் அசைத்ததாகத் தெரியவில்லை. ஒருவருடைய காது எல்லோருடைய காதாகிவிட்ட இடத்தில் மறுப்பு என்பது அபிப்பிராய பேதமாக இல்லாமல் மரியாதைக் குறைவாகிவிடுகிறது. விருந்தாளி வீட்டுக்காரரோடு சண்டை போடுவதில்லை. ரசனை உபசாரமாக மாறுகிற இடம் இது. உபசாரம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது: அந்த வீட்டு விருந்தைப் புகழாதவர் இல்லை, ஆனால் மாவு ஆட்டியவர்களுக்குக் கம்பனில் எந்தப் பாட்டு பிடிக்கும் என்பது அந்தப் புகழுரைகளின் விஷயமல்ல.

தொட்டிக்குப் போயும் அதில் கரையாதவர்கள் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூலக்கரையிலிருந்து அதே நெடுஞ்சாலையில் தெற்கே, கோவில்பட்டி தாண்டி இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் குற்றாலத்துக்குப் போய் டி. கே. சி.யிடம் உட்கார்ந்தவர்கள். அவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்தது கம்பனை மட்டுமல்ல. பேச்சுமொழிக்கு ஒரு உருவம் உண்டு என்ற நம்பிக்கை. பிறகு அழகிரிசாமி சென்னைக்குப் போனார், 1950களில் மலாயாவுக்குப் போய்த் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார், கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டினார். ராஜநாராயணன் ஊரிலேயே விவசாயியாக இருந்தார். நடுவில் ஓடியது கடிதம். கி. ரா.வுக்கு அழகிரிசாமி எழுதியவை பிற்பாடு புத்தகமாகவே வந்தன. சங்கீதம், ருசி, வறுமை, நண்பர் வம்பு என்று எதுவும் தள்ளுபடி இல்லை. இரண்டு பேர் மட்டும் குடியிருந்த தொட்டி. இதில் வீட்டுக்காரர், விருந்தாளி என்ற பேதம் கிடையாது. அதனால் சண்டையும் போட முடிந்தது. கி. ரா.வின் உரைநடையில் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற தோற்றம் கடைசிவரை மாறவில்லை என்றால், அது இந்தத் தபாலிலிருந்து வந்தது என்பேன்.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவர்கள் என்ற பாவனை வேண்டாம். 'எழுத்து' 1959இல் தொடங்கி 119 இதழ்கள் வந்தது. செல்லப்பா அதை வட்டத்தொட்டிக்கு நேர் எதிராகத்தான், அலசலுக்காகத்தான் நடத்தினார். ஆனாலும் ஏதோ ஒரு ஊரில் தனியாக இருந்த ஒரு வாத்தியாரோ குமாஸ்தாவோ அந்த இதழைப் பிரித்தபோது அவருக்குக் கிடைத்தது அலசல் மட்டும்தானா? தம்மைப் போல் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்ற சேதியும் அதே உறையில் வந்தது. இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியது, நமது தாழ்வாரங்களிலும் யார் முகம் கோணும் என்று பார்த்து மதிப்புரை எழுதப்படுவதற்கு. குற்றாலத்துச் சிற்றுண்டியாவது நன்றாக இருந்தது.

கடைசியாக, தொட்டிக்குள் வராத ஒருவர். புதுமைப்பித்தன் வளர்ந்ததும் அதே வண்ணார்பேட்டையில்தான். தாசில்தாராக இருந்த தகப்பனாரின் வீட்டிலிருந்து முறித்துக்கொண்டு சென்னைக்குப் போனார். மனைவி கமலா பெரும்பகுதி திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில். சென்னையிலிருந்தும் பிறகு புனாவிலிருந்தும் அவர் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற தலைப்பில் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் தத்துவம் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். பணம் வரப்போகிறது, அனுப்புகிறேன், உடம்பைப் பார்த்துக்கொள், சேர்ந்து இருக்கலாம். இருவரும் ஒரு கூரையின் கீழ் இருக்கப்போகிற வீட்டை அவர் தபால் தபாலாகக் கட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் எதையும் நம்பாத கதைகளை எழுதிய அதே கை. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. வண்ணார்பேட்டைத் தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்குத் தாங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு கற்பனையின் மேல் என்று நினைக்க அவசியம் நேரவில்லை. சுவர் இருந்தது, கூரை இருந்தது. இவருக்கு இரண்டும் இல்லாததால் கற்பனை இன்னதென்று தெரிந்திருந்தது. தெரிந்தும் கட்டினார். கதையில் ஒருநாளும் அந்த வீட்டைக் காட்டி வாசகனைத் தேற்றவில்லை. கடிதத்தில் ஒருநாளும் மனைவியிடம் அதை மறுக்கவில்லை.

அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரயில் விருதுநகரில் திரும்பித் தென்காசி, செங்கோட்டை வழியாகப் போகும். அந்தக் கடிதங்களில் சில இந்த வழியாகப் போயிருக்கலாம், குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே. 1948இல் 'ராஜமுக்தி' படவேலையை முடித்துவிட்டு, க்ஷயம் முற்றிய உடம்போடு புனாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்துசேர்ந்தார். மனைவியும் சின்னக் குழந்தையும் கூட இருந்தார்கள். ஜூன் 30ஆம் தேதி இறந்தார். அப்போது வயது 42.