கித்தா மரத்தடியில் இரண்டு பாடங்கள்

பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் நடுவே ஒரு மணி அடிக்கும். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்கு அந்த மணி கிடையாது. ஆனால் அவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒரே மேசையில் 6 வயதும் 10 வயதும் 14 வயதும் உட்கார்ந்திருக்கும். தனித்தனியாகப் பாடம் நடத்தினால் பொழுது போதாது. இதற்கு ஒரு வழி, மூவருக்கும் பொதுவாக ஒரே பொருளை நடுவில் வைப்பது. நம் மண்ணில் அதற்குக் கித்தா மரத்தைவிட நல்ல பொருள் எது?

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை ஏறக்குறைய 2,700தான். எண்ணெய் மிகுந்த அந்த விதை சீக்கிரமே உயிர்ப்பை இழந்துவிடும். 10 வயதுப் பிள்ளை இதற்கு விழுக்காட்டுக் கணக்குப் போடலாம், வரைபடத்தில் கோடும் இழுக்கலாம். அந்தக் கோடு இலங்கை வழியாக வந்து, 1877இல் 22 கன்றுகளோடு சிங்கப்பூரில் இறங்கும். அங்கிருந்து சில கன்றுகள் கோலகங்சாருக்குப் போயின.

அடுத்த இருபது ஆண்டு அந்த மரத்தை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லிதான் விடாப்பிடியாக அதோடு மல்லுக்கட்டினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று தோட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். பால் ஓடும் குழாய்கள் பட்டையில் இருக்கின்றன. அதற்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டால் மரம் புண்ணாகும். அதைத் தொடாமல் மெல்லிசாகச் சீவினால் ஒரே மரத்தைப் பல ஆண்டு வெட்டலாம் என்று அவர் காட்டினார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிகத் தோட்டம் போட்டார். காப்பி விலை சரிந்தது, மோட்டார் கார் வந்தது. பிறகு ரிட்லியைக் கேலி செய்ய ஆளில்லை.

6 வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு கதை தாங்காது. ஒரு கிண்ணம் பசும்பாலில் எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லுங்கள். பால் திரியும். கித்தாப் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிக் கட்டியாக்குவதும் ஏறக்குறைய இதே வேலைதான். மங்கில் தங்கிய மிச்சம் தானாகவே இறுகி ஒட்டுப்பால் ஆவதை, தயிர் உறைவதோடு ஒப்பிட்டுச் சொன்னால் அதற்குப் புரிந்துவிடும்.

இப்படிச் சேர்த்து நடத்துவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெரட்டு ஏன் இருட்டோடு நடந்தது? வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகி, மரத்துக்குள் அழுத்தம் குறைந்து, பால் வடிவதும் குறையும். இது அறிவியல். இத்தோடு நிறுத்திவிட்டால், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிய தாயின் வாழ்க்கையையும் மரமே விதித்தது போலாகிவிடும். மரம் கேட்டது அதிகாலையை மட்டும்தான். அதற்கு என்ன கூலி, எப்படிப்பட்ட லயம், எத்தனை பேருக்கு ஒரு குழாய் என்பதையெல்லாம் மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். வரலாற்றுப் பாடம் அந்த இடத்தில் தொடங்குகிறது.

14 வயதுப் பிள்ளைக்கு மலேரியாவைக் கொடுங்கள். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பில் வடிகால் வெட்டியும் காட்டை அழித்தும் காய்ச்சலைக் குறைத்தார். அங்கே நோய் பரப்பிய கொசு, நிழல் விழும் காட்டு நீரில் வளர்வது. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் ஏறியது! அங்கிருந்த கொசு வேறு இனம், வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. ஓடையை மறைத்திருந்த காட்டைக் கித்தாவுக்காக வெட்டித் திறந்துவிட்டது தோட்டம். செத்தவர்களில் பெரும்பகுதியினர் கங்காணிகள் கூட்டிவந்த நம் ஆட்கள். பிறகு நிலத்தடிக் குழாய்களில் ஓடையை விட்டு வாட்சன் வழி கண்டார். கொசுவைப் பற்றித் தெரியாமல் அந்தச் சாவுகள் விளங்காது. கொசுவை மட்டும் படித்தாலும் விளங்காது.

பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் கிடைத்தது ஓர் அறையும் ஒரு வாத்தியாரும்தான். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். எல்லா வயதும் ஒரே கூரைக்குக் கீழே. பாதியில் படிப்பை விட்டு மங்கு துடைக்கப் போன பிள்ளைகள் பலர்.

அவர்களில் சிலர் இன்று நம் வீடுகளில் பாட்டிகளாக இருக்கிறார்கள். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பது அவர்கள் கைக்கு இன்னும் தெரியும். அந்தக் கை இருக்கும்போதே பிள்ளைகளோடு அவர்களையும் மேசையில் உட்கார வையுங்கள். சின்னது கத்தியைப் பற்றிக் கேட்கட்டும், நடுவில் உள்ளது மரக்கணக்கைக் கேட்கட்டும், பெரியது கூலியைக் கேட்கட்டும்.