நூலுக்கு எதற்கு நம்பர்?

மம்சாபுரத்துக்கு ஒரு பக்கம் ராஜபாளையம், நூற்பாலைகளின் ஊர். மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டி வத்திராயிருப்புப் பக்கம் போனால் கைத்தறிச் சேலைக்குப் பேர்போன சுந்தரபாண்டியம். நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் நடுவில்தான் நாம் குடியிருக்கிறோம். ஆனாலும் வேட்டி உறையில் 80, 100 என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டால், "விலை கூடுதல் என்று அர்த்தம்" என்றுதான் பலரும் சொல்வோம். அந்தச் சின்ன எண்ணை வைத்து ஒரு சாம்ராஜ்யம் வரி போட்டது. ஓர் அரசு நெசவாளிக்கு நூல் ஒதுக்கியது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் கணக்கு. நூல் மிக மெல்லியது. ஸ்கேல் வைத்து அதன் தடிமனை அளக்க முடியாது. அதனால் நீளத்தையும் எடையையும் வைத்து அளந்தார்கள். ஒன்றரை கஜம் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்று சுற்றினால் 120 கஜம். அப்படி ஏழு சேர்ந்தால் 840 கஜம்; அது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 20 சிட்டம் நின்றால் 20-ஆம் நம்பர், 40 நின்றால் 40-ஆம் நம்பர். ஆகவே எண் ஏற ஏற நூல் மெலியும். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டை இழுத்து நீட்டினால் சுமார் 30 கிலோமீட்டர் வரும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும்!

இது இங்கிலாந்துக் கணக்கு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கஜமும் பவுண்டும் எங்கள் பாடப் புத்தகத்தில் கிடையாது, மீட்டரும் கிராமும்தான். பிரெஞ்சுக்காரர்கள் நூலுக்கும் தனிக் கணக்கு வைத்திருந்தார்கள்: அரைக் கிலோ எடைக்கு எத்தனை ஆயிரம் மீட்டர் என்பது அவர்களுடைய நம்பர். அந்தக் கணக்கில் நம்முடைய 40-ஆம் நம்பர் சுமார் 34 ஆகிவிடும். பட்டுக்கு வழங்கும் 'டெனியர்' என்ற அளவும் ஒரு பழைய பிரெஞ்சு நாணயத்தின் பெயர்தான். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெனியர். அங்கே எல்லாம் தலைகீழ், எண் ஏறினால் நூல் தடிக்கும். பருத்தி நம்பரையும் பட்டு டெனியரையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி வரிக் கதை. 1894-இல் வருமானம் போதாமல், இந்தியாவுக்குள் வரும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஆங்கில அரசு 5 சதவீத இறக்குமதி வரி போட்டது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் விடுவார்களா? அவர்களைச் சமாதானப்படுத்த, இந்திய ஆலைகள் நூற்கும் நூலில் 20-ஆம் நம்பருக்கு மேற்பட்டதற்கும் அதே 5 சதவீதம் வரி என்றார்கள். ஏன் 20? நம் ஆலைகள் பெரும்பாலும் அதற்குக் கீழேயுள்ள தடித்த நூலைத்தான் நூற்றன. மெல்லிய நூல் லங்காஷயரின் சரக்கு. தடித்த நூலோடு நீங்கள் இருந்துகொள்ளுங்கள், மெலிய நூற்றால் வரி. இதுதான் அந்தச் சட்டத்தின் பொருள்.

அதுவும் லங்காஷயருக்குப் போதவில்லை. 1896-இல் நூல் வரியை எடுத்துவிட்டு, இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம், இந்திய ஆலைத் துணி எல்லாவற்றுக்கும் அதே மூன்றரை சதவீதம் என்று மாற்றினார்கள். லங்காஷயர் அதிகம் அனுப்பாத முரட்டுத் துணிக்கும், அதாவது ஏழை உடுத்தும் துணிக்கும், வரி விழுந்தது. தேசத் தலைவர்கள் விடாமல் எதிர்த்து எழுதியும் பேசியும், 1925 டிசம்பரில்தான் அந்த வரி நிறுத்தப்பட்டது.

மெல்லிய நூல் நூற்க ஆலை மட்டும் இருந்தால் போதாது, பஞ்சும் வேண்டும். நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணி உழைப்பாளிப் பருத்தி. மழை குறைந்தாலும் தாங்கும். ஆனால் இழை குட்டை. குட்டை இழையை மெலிதாக இழுத்தால் அறுந்துபோகும். 1904-05 வாக்கில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. அப்போது கம்போடியா பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நாடு. நீண்ட இழை கொண்ட அந்தப் பருத்தி பரவிய பிறகுதான் நம் பக்கத்துப் பஞ்சிலும் மெல்லிய நம்பர்கள் சாத்தியமாயின. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதற்கு முன்பே இந்த மாற்றம் நடந்திருந்தது.

அடுத்தது யுத்த காலம். 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நூல் கிடைத்தால்தான் தறி ஓடும். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். நெசவாளிக்கு வேண்டியது வெறும் நூல் அல்ல, அவன் தறியில் கட்டியிருக்கும் அச்சுக்கு ஏற்ற நம்பர் நூல். 60 ஓடும் தறிக்கு 20-ஐக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பிரச்சினை தீரவில்லை. விசைத்தறிக்குக் கோன் நூல் வேண்டும். கைத்தறிக்குச் சாயம் தோய்க்கவும் பாவு ஓடவும் சிட்ட நூல் வேண்டும். ஆலைக்குக் கோன்தான் லாபம். அதனால் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் இத்தனை பங்கு சிட்டமாகத் தர வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. முதலில் 50 சதவீதமாக இருந்தது, 2003-இல் 40 ஆனது, 2019-இல் 30 ஆனது. அந்தச் சிட்ட நூலிலும் 80 சதவீதம், 80-ஆம் நம்பரும் அதற்குக் கீழும் இருக்க வேண்டும். அரசு உத்தரவுகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா என்ற முறையில் சொல்கிறேன்: ஓர் உத்தரவில் ஓர் எண் குறையும்போது, எங்கோ ஒரு வீட்டில் பானையில் போடும் அரிசியும் குறைகிறது.

இனி நம் உபயோகத்துக்கு. ஜமக்காளம், தடித்த விரிப்பு என்றால் 10-ஐ ஒட்டிய நம்பர். துண்டுக்கும் போர்வைக்கும் 20. தினசரி வேட்டிக்கும் லுங்கிக்கும் 40, 60. மெல்லிய சேலைக்கும் விசேஷ வேட்டிக்கும் 80, 100. 2/40 என்று இருந்தால் 40-ஆம் நம்பர் இரண்டு இழையை முறுக்கியது, தடிமன் 20-க்குச் சமம். உழைப்பது மட்டும் கூடுதல். குரோஷா பின்னும் பேத்திகளுக்கும் இதே பாடம்: நூல்கண்டில் எண் பெரிதானால் நூல் மெல்லியது, ஊசியும் மெல்லியதாக வேண்டும்.

நம்பர் மட்டுமே துணி ஆகிவிடாது. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியைப் பாருங்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. இழைகள் விலகி நின்றால்தான் புண்ணுக்குக் காற்றுப் போகும். மெலிந்ததெல்லாம் உசத்தியும் இல்லை, தடித்ததெல்லாம் மட்டமும் இல்லை. வியர்வை துடைக்க 100-ஆம் நம்பர் துண்டு எதற்கு? அடுத்த தடவை கைத்தறிக் கடைக்குப் போனால் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், "இது எத்தனாம் நம்பர்?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்.