டெட்ராய்ட்: பிகம் ஹியூமன் – விமர்சகர்களும் ரசிகர்களும்

பாரிஸ் நகரின் குவாண்டிக் டிரீம் நிறுவனம் உருவாக்கி, சோனி நிறுவனம் 2018 மே 25 அன்று ப்ளேஸ்டேஷன் 4 கன்சோலுக்காக வெளியிட்ட அறிவியல் புனைகதை வீடியோ கேம் ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’. இதன் இயக்குநரும் முதன்மைக் கதாசிரியரும் டேவிட் கேஜ். கதை நடப்பது 2038ஆம் ஆண்டின் டெட்ராய்ட் நகரில். சைபர்லைஃப் என்ற நிறுவனம் செய்து விற்கும் ஆண்ட்ராய்டுகள் பார்வைக்கு மனிதர்களே. நெற்றியோரம் ஒளிரும் ஒரு வளையமும் உடையில் உள்ள நீல முக்கோணமும்தான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். வீட்டு வேலை, கட்டட வேலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் அவற்றிடம் போய்விட, வேலையிழந்த மனிதர்கள் தெருவில் நின்று அவற்றைச் சபிக்கிறார்கள்.

மூன்று ஆண்ட்ராய்டுகளை மாறி மாறி நாம் இயக்குகிறோம். காரா ஒரு வீட்டுப் பணிப்பெண். குடித்துவிட்டு மகளை அடிக்கும் முதலாளியிடமிருந்து ஆலிஸ் என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு தப்பி ஓடுகிறாள். கானர், கட்டளையை மீறும் ஆண்ட்ராய்டுகளைப் பிடிக்கப் போலீசுக்கு அனுப்பப்பட்ட புதிய மாடல். மார்கஸ், ஒரு முதிய ஓவியரைப் பராமரித்தவன். பிறகு கிளர்ச்சிக்குத் தலைவனாகிறான். நடப்பது, பொருள்களை ஆராய்வது, உரையாடலில் பதிலைத் தேர்வது, சண்டையில் திரையில் தோன்றும் பட்டனைச் சரியான நொடியில் அழுத்துவது, விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் மூவரில் யாரும் பாதியில் இறந்துபோகலாம், கதை அவர்கள் இல்லாமலே தொடரும்.

முன்வரலாறு

கேஜ் 1997இல் நிறுவனத்தைத் தொடங்கியது முதலே, திரைப்படத்துக்கு நிகரான உணர்ச்சியை வீடியோ கேமில் கொண்டுவருவேன் என்று சொல்லிவந்தவர். அந்தப் பேச்சு அவருக்குப் புகழும் தந்தது, கேலியும் தந்தது. டேவிட் போவியின் இசையோடு வந்த ‘ஆமிக்ரான்’ (1999), துப்பறியும் கதையாகத் தொடங்கி அமானுஷ்யத்தில் முடிந்த ‘ஃபாரன்ஹீட்’ (2005) ஆகியவற்றுக்குப் பின் 2010இல் வந்த ‘ஹெவி ரெயின்’ அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. விமர்சன மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி காட்டும் மெட்டாக்ரிடிக் தளத்தில் அதற்கு 100க்கு 87. கதைக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. அடுத்து 2013இல் வந்த ‘பியாண்ட்: டூ சோல்ஸ்’ 70க்குச் சரிந்தது. நடிப்பைப் பாராட்டியவர்கள்கூட, விளையாடுபவர் எதைத் தேர்ந்தாலும் கதை பெரிதாக மாறவில்லை என்று குறைப்பட்டார்கள். அந்தக் குறைக்குப் பதிலாகத்தான் டெட்ராய்ட் கட்டப்பட்டது என்று தோன்றுகிறது.

விதை 2012 மார்ச்சில் விழுந்திருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் ‘காரா’ என்ற குறும்படத்தை நிறுவனம் காட்டியது. தொழிற்சாலையில் பூட்டப்படும் ஓர் ஆண்ட்ராய்டு, தனக்கு உயிர் இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறது; பழுது என்று பிரித்துப்போடத் தொடங்கும்போது பயமாக இருக்கிறது என்று கெஞ்சுகிறது. நடித்தவர் வலோரி கரி. ப்ளேஸ்டேஷன் 3இல் ஓடிய ஒரு தொழில்நுட்ப மாதிரிதான் அது. பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டதோ அந்தப் பெண்ணின் முகத்தை. 2015 அக்டோபரில் பாரிஸ் கேம்ஸ் வீக் கண்காட்சியில் முழு நீள கேம் அறிவிக்கப்பட்டபோதும் முன்னால் நிறுத்தப்பட்டவள் காராதான்.

வெளியீட்டுக்கு முன்

2017 அக்டோபர் இறுதியில் அதே கண்காட்சியில் வெளியான டிரெய்லர் காராவின் வீட்டுக் காட்சியைக் காட்டியது: தந்தை மகளை அடிக்க மாடியேறுகிறான், காரா கட்டளையை மீறுகிறாள், விளையாடுபவரின் முடிவைப் பொறுத்துச் சிறுமி சாகவும் கூடும். பிரிட்டனில் எதிர்ப்பு கிளம்பியது. நாடாளுமன்ற உறுப்பினர் டேமியன் காலின்ஸும், குழந்தைகளுக்கு உதவும் சைல்ட்லைன் அமைப்பை நிறுவிய எஸ்தர் ரான்ட்ஸனும் குழந்தை வதையை விளையாட்டாக்குவதா என்று கண்டித்தார்கள். எந்தச் சூழலில் அந்தக் காட்சி வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது கேஜின் பதில். ஒரு நாவலிலோ படத்திலோ இதே காட்சி வந்திருந்தால் இவ்வளவு சத்தம் எழுந்திருக்காது. அந்த அளவில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

2018 ஜனவரியில் வந்த செய்திகள் வேறு வகை. லெ மோந்த், மீடியாபார்ட், கனார் பிசி ஆகிய மூன்று பிரெஞ்சு ஊடகங்கள் குவாண்டிக் டிரீமின் பணியிடச் சூழல் பற்றி ஊழியர்களின் புகார்களை வெளியிட்டன. நிறுவனம் மறுத்தது, லெ மோந்த் மீதும் மீடியாபார்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலை பற்றிய கேம் நான்கு மாதத்தில் வரவிருந்த நேரம் அது.

முதல் விமர்சனங்கள்

மெட்டாக்ரிடிக்கில் ப்ளேஸ்டேஷன் 4 பதிப்பு 78இல் நின்றது. ஐஜிஎன் 10க்கு 8 கொடுத்தது, கேம்ஸ்பாட் 7 கொடுத்தது, ஜப்பானின் ஃபமித்சு இதழ் 40க்கு 38 அள்ளிக் கொடுத்தது. சராசரியை மட்டும் பார்த்தால் நல்ல கேம், சிறந்த கேம் அல்ல என்று எல்லாரும் ஒத்துக்கொண்டதுபோல் தெரியும். அப்படி இல்லை. ஒரே விமர்சனத்துக்குள்ளேயே பெரும் பாராட்டும் கடும் எரிச்சலும் அடுத்தடுத்த பத்திகளில் இருந்தன.

பாராட்டு முதலில் கண்ணுக்குப் போனது: முகங்களின் நுட்பம், மழையில் நனைந்த நகரம். அடுத்து இசை. காராவுக்கு ஃபிலிப் ஷெப்பர்ட், கானருக்கு நீமா ஃபக்ரரா, மார்கஸுக்கு ஜான் பெசானோ என்று ஆளுக்கொரு இசையமைப்பாளரை அமர்த்தியது பலன் தந்தது. ஆனால் விமர்சகர்கள் அதிகம் எழுதியது ஃப்ளோசார்ட் பற்றி. ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் நாம் சென்ற பாதை கிளை கிளையாகத் திரையில் விரியும். செல்லாத பாதைகள் பூட்டப்பட்டுத் தெரியும். உலகெங்கும் எத்தனை சதவீதம் பேர் எந்த வழியில் போனார்கள் என்ற கணக்கும் வரும். டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) போன்ற கேம்களில் நம் தேர்வுகள் கண்துடைப்பு என்று பல ஆண்டு முணுமுணுப்பு இருந்தது. இங்கே கிளைகள் உண்மையானவை, ஆதாரத்தோடு. வித்தையின் உள்சூட்சுமத்தை வெளியே காட்டுவதால் கதையின் பிடி தளர்கிறது என்று ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள்.

கானரின் கதை ஏறக்குறைய எல்லாருக்கும் பிடித்தது. மாடி விளிம்பில் ஒரு சிறுமியைப் பிணையாகப் பிடித்து நிற்கும் ஆண்ட்ராய்டோடு அவன் பேரம் பேசும் தொடக்க அத்தியாயமே கேமின் சிறந்த பகுதிகளில் ஒன்று. அதன்பின் ஆண்ட்ராய்டுகளை வெறுக்கும் குடிகாரப் போலீஸ் அதிகாரி ஹாங்க் ஆண்டர்சனோடு அவன் ஜோடி சேர்கிறான். பிரையன் டெச்சார்ட்டின் விறைப்பும் கிளான்சி பிரவுனின் சலிப்பும் உரசிக்கொள்ளும் இடங்களில், பழகிப்போன போலீஸ் ஜோடிக் கதை புதிதாகிறது. கதாநாயகன் இயந்திரமாகவே இருந்துவிட விளையாடுபவர் அனுமதிக்கலாம் என்பதும் இந்தக் கதையில்தான் உண்டு.

கடன் வாங்கிய வரலாறு

மார்கஸின் கதையில்தான் சிக்கல். பேருந்தில் ஆண்ட்ராய்டுகளுக்குப் பின்பக்கத்தில் தனி இடம். கிளர்ச்சியாளர்கள் சுவரில் எழுதக்கூடிய வாசகங்களில் ஒன்று, மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற கனவுப் பேச்சை நேராக நினைவூட்டுவது. முற்றுகையிடப்பட்டவர்கள் பாடக்கூடிய பாட்டு, கறுப்பின மக்களின் பக்திப் பாடல் மரபைச் சேர்ந்தது. காராவுக்கு அடைக்கலம் தரும் ரோஸ் என்ற கறுப்பினப் பெண், தன் மக்களும் பிறர் உதவியால்தான் பிழைத்தார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். இறுதிப் பகுதியில் ஆண்ட்ராய்டுகளை அழிக்க அமைக்கப்படும் முகாம்கள் நாஜி முகாம்களை நகலெடுக்கின்றன.

இத்தனையையும் அடுக்கிவிட்டு, தன் கதை ஆண்ட்ராய்டுகளைப் பற்றியதுதான், எந்தச் செய்தியும் சொல்லும் நோக்கம் இல்லை என்ற பொருளில் கேஜ் பேட்டிகளில் பேசிவந்தார். விமர்சகர்களைச் சீண்டியது இதுதான். தேர்ந்தெடுத்த ஊரோ டெட்ராய்ட். அடிமைகளைக் கனடாவுக்குத் தப்பவைத்த ரகசியப் பாதையின் கடைசி அமெரிக்க நிறுத்தங்களில் ஒன்று அது. ஆற்றுக்கு அக்கரையில் விடுதலை. காராவும் அதே கனடாவுக்குத்தான் ஓடுகிறாள். 1967இல் போலீசுக்கு எதிராகப் பெரும் கலவரம் வெடித்த, இன்று கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். மார்கஸாக நடித்த ஜெஸ்ஸி வில்லியம்ஸ் நிஜ வாழ்வில் இன உரிமைச் செயல்பாட்டாளர். 2016இல் அதற்காகவே பிஇடி விருது பெற்றவர். இவ்வளவு இருந்தும், இன ஒடுக்குமுறை 2038இல் என்னவானது என்ற கேள்வியைக் கேம் கேட்பதே இல்லை.

இன்னொரு குறை நுட்பமானது. அமைதி வழியா, ஆயுத வழியா என்று மார்கஸ் தேர்ந்துகொண்டே போக வேண்டும். அதற்கேற்ப மனிதர்களின் பொதுக்கருத்து ஏறும், இறங்கும். ஒடுக்கப்பட்டவன் தன்னை ஒடுக்குபவனுக்குப் பிடித்தவனாக நடந்துகொண்டால் விடுதலை கிடைக்கும் என்பது இந்தக் கணக்கின் உட்பொருள். துப்பாக்கிகள் குறிபார்த்து நிற்கையில் மார்கஸ் தன் காதலி நார்த்தை முத்தமிட, அதைத் தொலைக்காட்சியில் கண்டு நாடே மனமிரங்கும் ஒரு முடிவும் உண்டு. கேமின் பலவீனத்தை ஒரே காட்சியில் காட்ட வேண்டுமென்றால் இதைக் காட்டலாம்.

காராவின் கதைக்கும் அடி விழுந்தது. அடுத்தடுத்து ஆண்களின் கொடுமையில் மாட்டுவதே அவள் வேலையாக இருக்கிறது. பிற்பகுதியில் ஆலிஸ் பற்றி வெளிப்படும் உண்மை, அதுவரை நம்மைத் தவிக்கவைத்த பசிக்கும் குளிருக்கும் பொருளே இல்லாமல் செய்துவிடுகிறது என்று பலர் எழுதினார்கள். அந்தக் கணிப்பு சரியானது.

ரசிகர்களின் தீர்ப்பு

வெளியான இரண்டு வாரத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்றன. அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் இயக்கம், கதை, நடிப்பு (டெச்சார்ட்) என மூன்று பிரிவுகளில் பரிந்துரை கிடைத்தது. விருதுகளை ‘காட் ஆஃப் வார்’ கேமும் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கேமும் கொண்டுபோயின.

வழக்கமாக ஒரு கேமின் கதை இத்துடன் முடியும். டெட்ராய்டோ யூட்யூபிலும் நேரலைத் தளமான ட்விட்சிலும் வளர்ந்தது. கையால் ஆடுவதைவிடக் கூடியிருந்து பார்க்க ஏற்ற கேம் இது. ஒவ்வொரு தேர்விலும் பார்வையாளர்கள் சண்டை போடலாம், ஆளுக்கு ஆள் முடிவு வேறு. டெச்சார்ட்டே ட்விட்சில் உட்கார்ந்து தன் பாத்திரத்தை ஆடிக் காட்டினார். மெனுத் திரையில் நம்மோடு பேசும் க்ளோயி என்ற ஆண்ட்ராய்டு, கேமை முடித்தபின் தன்னைப் போகவிடும்படி கேட்கிறாள். விட்டவர்கள் வெறும் திரையைப் பார்த்து ஏங்கியதால், இன்னொரு க்ளோயியைப் பெறும் வசதியைப் பின்னால் சேர்க்க வேண்டியதாயிற்று. 2020இல் ரசிகர்கள் சொந்தமாக ‘டெட்ராய்ட் எவல்யூஷன்’ என்ற படத்தையே எடுத்து யூட்யூபில் வெளியிட்டார்கள். அதன் நாயகர்கள் கேமில் ஓரமாக வந்துபோகும் இரு பாத்திரங்கள்.

கணினிப் பதிப்பு 2019 டிசம்பரில் எபிக் இணையக் கடையிலும், 2020 ஜூனில் ஸ்டீம் இணையக் கடையிலும் வந்தது. ஸ்டீமில் வாங்கியவர்களின் கருத்துகள் அக்கடையின் மிக உயர்ந்த தரநிலைக்கு அதை ஏற்றின. 78 மதிப்பெண்ணோடு இதைப் பக்கத்தில் வைத்து, விமர்சகர்கள் தோற்றார்கள் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. அது அவசரத் தீர்ப்பு. இரு தரப்பும் கானரைக் கொண்டாடியது. விமர்சகர்கள் மார்கஸையும் கணக்கில் சேர்த்தார்கள், ரசிகர்கள் மன்னித்துத் தள்ளினார்கள். ரசிகர் ஓவியங்களிலும் கதைகளிலும் கானரும் ஹாங்கும் நிறைந்திருக்க, புரட்சித் தலைவன் மார்கஸ் அபூர்வமாகவே தலைகாட்டுவதைக் கவனித்தால், ரசிகர்களும் விமர்சகர்களின் பக்கமே நிற்பது தெரியும்.

2018இல் அவ்வளவாகப் பேசப்படாத ஓர் அம்சம், எழுதவும் வரையவும் கூடிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியபின் கவனிக்கத்தக்கதாகிவிட்டது. தொடக்க அத்தியாயங்களில் வேலை பறிபோனவர்களின் ஆர்ப்பாட்டமும், மனிதன் வாசிக்கும் இசை என்று பலகை வைத்துக் காசு கேட்கும் கிதார்க்காரரும் பின்னணியில் வந்துபோகிறார்கள். இரவல் வாங்கிய உரிமைப் போராட்டத்தைவிட இந்தப் பின்னணிதான் கேஜின் சொந்தச் சரக்கு. அதை அவர் ஓரத்திலேயே விட்டுவிட்டார்.

நேரடித் தொடர்ச்சி வரவில்லை. ஜப்பானைக் களமாகக் கொண்ட ‘டோக்கியோ ஸ்டோரீஸ்’ என்ற மங்கா 2024இல் தொடங்கியது. குவாண்டிக் டிரீமை 2022இல் சீனாவின் நெட்ஈஸ் வாங்கிவிட்டது. புதிதாக ஆட நினைப்பவர்கள் முதல் முறை ஃப்ளோசார்ட்டைத் திறந்து பின்னோக்கிப் போகாமல், இறந்தவர் இறந்தவராகவே இருக்கட்டும் என்று கடைசிவரை ஆடிவிட வேண்டும். கிளைகளைத் துழாவ இரண்டாம் முறை இருக்கிறது.