'கேஸ் பிடிச்சிருக்கு'ன்னு சோடா குடிக்கலாமா? அஜீரணம் என்றால் டாக்டர்கள் சொல்லும் அர்த்தம் இதுதான்!

தூங்கா நகரம் மதுரையில் நள்ளிரவிலும் பரோட்டா கிடைக்கும். அதோடு சேர்ந்து "செமிக்கல", "நெஞ்சு கரிக்குது", "கேஸ் பிடிச்சிருக்கு" என்ற புலம்பலும் வரும். எல்லாத்துக்கும் ஒரே மருந்து, பெட்டிக்கடை சோடா! ஆனால் டாக்டர்களுக்கு இவை எல்லாம் ஒன்றல்ல.

சொல் எங்கிருந்து வந்தது?

அஜீரணம் வடமொழிச் சொல். செரிக்காத நிலை என்று பொருள். தமிழில் செரியாமை. திருக்குறளின் 95-வது அதிகாரமான 'மருந்து', முன்பு சாப்பிட்டது செரித்த பிறகே அடுத்து சாப்பிடச் சொல்கிறது.

மருத்துவத்தில் இதன் பெயர் டிஸ்பெப்ஸியா. கிரேக்கத்தில் 'டிஸ்' என்றால் கோளாறு, 'பெப்சிஸ்' என்றால் செரிமானம். 1898-ல் பெப்சி குளிர்பானத்துக்குப் பெயர் வந்ததும் இந்தச் சொல்லில் இருந்துதான். அதுக்காக அது அஜீரணத்துக்கு மருந்து இல்லைங்க!

டாக்டர் சீட்டில் இருப்பது என்ன?

* டிஸ்பெப்ஸியா: மேல்வயிற்றில் வலி, எரிச்சல், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, சாப்பிட்டபின் நெடுநேரம் கனமாக இருப்பது. இது நோயின் பெயர் அல்ல, அறிகுறிகளின் பெயர்.

* ஜெர்ட்: இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் வரும்.

* கேஸ்ட்ரைடிஸ்: இரைப்பையின் உட்சுவரில் அழற்சி. எண்டோஸ்கோப்பியில் தெரியும்.

* அல்சர்: இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ வரும் புண். காரசாரமான சாப்பாட்டை விட எச். பைலோரி பாக்டீரியாவும், அடிக்கடி போடும் வலி மாத்திரையும்தான் முக்கியக் காரணங்கள். இந்த பாக்டீரியாவைக் கண்டறிந்தவர்களுக்கு 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

* ஏபிடி: 'ஆசிட் பெப்டிக் டிசீஸ்' என்பதன் சுருக்கம். அமிலத்தால் வரும் தொல்லைகளுக்குப் பொதுப்பெயர்.

'கேஸ்' என்று ஏன் ஏமாறுகிறோம்?

இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் இரைப்பை. இதனால் மாரடைப்பு வலி சிலருக்கு மேல்வயிற்று வலி போலவே தெரியும். ஏப்பம், குமட்டல்கூட வரலாம். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களுக்கு வலி லேசாகவே இருக்கலாம். "கேஸ்தான்" என்று படுத்துவிட்டால், இதயத் தசையைக் காப்பாற்றும் நேரம் போய்விடும்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?

நெஞ்சு இறுக்கம், வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத்திணறல், கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி. இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீங்க. மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், முதல்கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

ரத்த வாந்தியோ, கறுப்பாக மலமோ போனாலும் அவசரம்தான். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்க. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்களுக்குத் தனித்துறையே இருக்கிறது.

வலி நெஞ்சிலா, வயிற்றிலா என்று குழப்பமா? முதலில் இசிஜி. சோடா அப்புறம்!