நெகிழிப் புட்டி

நெகிழிப் புட்டி (பிளாஸ்டிக் பாட்டில்) என்பது நீர்மங்களை அடைத்து வைக்கவும் எடுத்துச் செல்லவும் பயன்படும் கொள்கலன் ஆகும். இலங்கையில் இது போத்தல் எனப்படுகிறது. குடிநீர், குளிர்பானப் புட்டிகள் பெரும்பாலும் பாலியெத்திலீன் டெரிப்தாலேட்டு (பெட்) என்னும் பொருளால் ஆனவை. இவற்றின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். இப்பொருளின் இழை வடிவமே பாலியஸ்டர் ஆகும்.

வரலாறு

பெட் முதலில் துணிக்காகவே உருவாக்கப்பட்டது. 1941 இல் இங்கிலாந்தின் துணி அச்சிடும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் ஆகியோர் இதனைக் கண்டறிந்தனர். குளிர்பானத்தின் வளிம அழுத்தத்தைத் தாங்கும் பெட் புட்டிக்கு டூபான்ட் நிறுவனப் பொறியாளர் நத்தானியேல் வையத் 1973 இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1965 இல் மும்பையில் அறிமுகமான பிஸ்லெரி குடிநீர் கண்ணாடிப் புட்டிகளிலேயே விற்கப்பட்டது. நெகிழிப் புட்டி பின்னரே வந்தது. தமிழ்நாடு அரசு 2013 இல் ஒரு லிட்டர் 10 ரூபாய் விலையில் அம்மா குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கியது.

அன்றாடப் பயன்பாடுகள்

காலியான புட்டிகள் வீடுகளில் தண்ணீர், எண்ணெய் ஊற்றி வைக்கவும், துளையிட்டுச் செடிகளுக்குச் சொட்டுநீர் விடவும் பயன்படுகின்றன. பெட் சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல் இளகுவதால், சுடுநீர் ஊற்றினால் புட்டி சுருங்கிவிடும்.

மறுசுழற்சி

பழைய இரும்புக் கடைகள் வழியாகச் சேரும் புட்டிகள் தரம்பிரிக்கப்பட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. நீரில் இட்டால் பெட் துண்டுகள் மூழ்கும். மூடித் துண்டுகள் மிதக்கும். இவ்வாறு பிரித்த பெட்டை உருக்கி, நுண்துளைகள் வழியே இழையாக இழுக்கின்றனர். திருப்பூர், கோவை வட்டாரத்து ஓ.இ. நூற்பாலைகள் இவ்விழையைப் பின்னலாடைக் கழிவிலிருந்து எடுத்த பஞ்சுடன் கலந்து நூலாக்குகின்றன. இப்பகுதியில் பின்னலாடை நிறுவனங்களுடன் மங்கலம், பல்லடம், சோமனூர் ஆகிய விசைத்தறி ஊர்களும் அமைந்துள்ளன. கரூர் நிறுவனம் ஒன்று புட்டிகளிலிருந்து உருவாக்கிய துணியாலான மேலாடையைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 பெப்ரவரி 8 அன்று நாடாளுமன்றத்தில் அணிந்திருந்தார்.

வரம்புகள்

புட்டியை மீண்டும் புட்டியாக்கலாம். ஆனால் பருத்தியுடன் கலந்து ஆடையானபின் பாலியஸ்டரைப் பிரித்தெடுப்பது கடினம். துவைக்கும்போது அதிலிருந்து நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன. எனவே புட்டியை ஆடையாக்குவது குப்பையாவதைத் தள்ளிப்போடுமேயன்றி முழுத் தீர்வாகாது.

2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த நெகிழித் தடையில் தண்ணீர்ப் பொட்டலங்கள் அடங்கும், புட்டிகள் அடங்கா. நீலகிரி மாவட்டத்தில் குடிநீர்ப் புட்டிகளுக்கு 2019 இல் தனியே தடை விதிக்கப்பட்டது.