பிரேக் இன்ஸ்பெக்டர்: வண்டிச் சோதனையின் ஒரு சின்ன வரலாறு

அப்பாவின் கியர் ஸ்கூட்டர் 2004-ல் வாங்கியது. 15 வருஷம் முடிந்ததும் 2019-ல் அவரே நேரில் போய்க் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஐந்து வருஷமும் முடிந்து, 2024-ல் வேலை என் தலையில் விழுந்தது. வாகன் தளத்தில் விண்ணப்பம், 1,000 ரூபாய் கட்டணம் (2022 ஏப்ரலுக்கு முன்னால் இது 300), இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். ஆய்வாளர் சேசிஸ் நம்பரைப் பார்த்தார். ஹாரன், லைட், இண்டிகேட்டர் போடச் சொன்னார். கொஞ்ச தூரம் ஓட்டிப் போய் பிரேக் பிடிக்கச் சொன்னார். வண்டி நின்றது. பாஸ்.

சாயங்காலம் பின் டயர் ட்யூப் மாற்ற மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். சக்கரத்தைக் கழற்றியவர் டிரம்மைத் திருப்பிக் காட்டினார். பிரேக் ஷூவில் லைனிங் காகிதம் கனத்துக்குத்தான் மிச்சம்.

"இதை வெச்சிக்கிட்டா தம்பி காலையில பாஸ் பண்ணீங்க? பிரேக் இன்ஸ்பெக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

எனக்கு இரண்டு விஷயம் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. ஒன்று, காலையில் வாங்கிய அந்தத் தாள் உண்மையில் எதற்குச் சான்று? இரண்டாவது, அந்தப் பெயர். மோட்டார் வாகன ஆய்வாளர் லைட் பார்க்கிறார், புகை பார்க்கிறார், கண்ணாடி பார்க்கிறார், பாடி பார்க்கிறார். நம்ம ஊர்க்காரங்க மட்டும் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. மற்றதெல்லாம் அப்புறம், நிற்குமா நிற்காதா என்பதுதான் முதல் கேள்வி என்று ஜனங்கள் முடிவு பண்ணியிருக்கிறார்கள். இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

குதிரைக்கும் எஃப்.சி.

மோட்டார் வருவதற்கு முன்பே வண்டிச் சோதனை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் சில பகுதிகளுக்கு 1879-ல் ஒரு வாடகை வண்டிச் சட்டம் வந்தது. வாடகைக்கு ஓடும் வண்டி, அதை இழுக்கும் மிருகம், சேணம் இவையெல்லாம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று நகராட்சி விதி போடலாம் என்றது அந்தச் சட்டம். குதிரையும் சேர்த்துத்தான் தகுதி பார்த்தார்கள்.

சொந்த வண்டி வைத்திருந்தவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. காரணம் சுலபம். சொந்த வண்டிக்காரருக்கு தன் குதிரை நொண்டுகிறதா, அச்சாணி ஆடுகிறதா என்று தெரியும். வாடகைக்கு ஏறுபவருக்குத் தெரியாது. ஏறும் முன் குனிந்து பார்க்கவும் மாட்டார். அவருக்குப் பதிலாக ஒருவர் பார்க்க வேண்டும். வண்டிச் சோதனைக்கு அடிப்படையே இதுதான். இந்த யோசனையைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

அதே காலத்தில் பிரெஞ்சுப் புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெருக்களின் வாகனம் 'பூஸ் பூஸ்', நம்ம ஆட்கள் வாயில் புஷ் வண்டி. பழைய அஞ்சலட்டைகளில் பார்த்திருப்பீர்கள். தொப்பி போட்ட துரை உட்கார்ந்துகொண்டு முன்சக்கரத்துக்கான கம்பியைப் பிடித்துத் திருப்புவார். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளுவார்கள். ஸ்டியரிங் பயணி கையில், இன்ஜினும் பிரேக்கும் தள்ளுபவரின் கால்கள். அந்த வண்டிக்குத் தகுதி பார்ப்பது என்றால் அந்த மனிதருடைய மூச்சையும் முட்டியையும்தான் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

சுரங்க இன்ஜினியரும் காரும்

பிரான்ஸில் மோட்டார் கார் வந்தபோது அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல். இந்த இயந்திரத்தை யார் சோதிப்பது? 19-ஆம் நூற்றாண்டு முழுக்க அங்கே நீராவிக் கொதிகலன்கள் வெடிக்காமல் பார்த்துக்கொண்டது சுரங்கத் துறை இன்ஜினியர்கள். ஆரம்ப கால மோட்டார் வண்டிகளில் நீராவியில் ஓடியவையும் உண்டு. அதனால் காரும் அவர்கள் கைக்கே போனது.

1899 மார்ச் 10 தேதியிட்ட ஆணை இதை நாடு முழுக்க விதியாக்கியது. ஒவ்வொரு மாடலையும் தயாரிப்பாளர் சுரங்கத் துறையிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். வேகம் வெளிச்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர், ஊருக்குள் 20. வண்டிக்கு ஒப்புதல் வாங்குவதை 'சுரங்கத்துக்குக் காட்டுவது' என்று பிரெஞ்சுக்காரர்கள் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் 'எஃப்.சி.க்குக் காட்டுவது' என்கிற மாதிரிதான்.

என் தொழில் பாஷையில் சொன்னால் இது ரிலீஸ் டெஸ்டிங். மாடல் ஒருமுறை பாஸ் ஆகிவிட்டால் அதற்கப்புறம் அது சரி என்று வைத்துக்கொள்வது. சாஃப்ட்வேருக்கே இது போதாது. இரும்பும் ரப்பரும் தேயும் பொருளுக்கு எப்படிப் போதும்? ஆனால், 1899-ல் இயந்திரத்தைச் சோதிக்க ஆரம்பித்த பிரான்ஸ், எல்லா சொந்தக் கார்களுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை என்பதைக் கட்டாயமாக்கியது 1992-ல்தான். புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளில் 'கோன்ட்ரோல் டெக்னிக்' என்ற வார்த்தை காதில் விழும், அது இதுதான். புதுக் கார் நாலு வருஷத்தில் முதல் சோதனை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிரிட்டன் 1960-ல் பத்து வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கு ஆரம்பித்து, 1967-க்குள் அதை மூன்று வருஷத்துக்கு இறக்கிவிட்டது.

1939: ரயிலுக்குப் போட்டி

பிரிட்டிஷ் இந்தியாவில் 1914-ன் மோட்டார் வாகனச் சட்டம் முக்கியமாகப் பதிவு, லைசென்ஸ் பற்றியது. 1920-களிலும் 30-களிலும் பஸ் பெருகியது. வெளிநாட்டு லாரி சேசிஸ் ஒன்றை வாங்கி, உள்ளூர் ஆசாரியை வைத்து மரத்தில் பாடி கட்டி, ஆளை அடைத்துக்கொண்டு ஓட்டுவது. ரயில்வேக்கு வருமானம் அடிபட்டது. அதை ஆராய்ந்த மிட்செல் - கர்க்னஸ் அறிக்கை 1933-ல் வந்தது. பெர்மிட் முறையைக் கொண்டுவந்த 1939 சட்டத்துக்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

அந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவில்தான் போக்குவரத்து வாகனங்களுக்கான தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., வருகிறது. அதன் வாசகம் கெட்டிக்காரத்தனமானது. எஃப்.சி. இல்லாவிட்டால் அபராதம் என்று மட்டும் விடவில்லை. எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவானதாகவே கருதப்படாது என்றது. சட்டத்தின் கண்ணில் அந்த வண்டியே இல்லை. 1988 சட்டத்தின் 56-ஆவது பிரிவிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. வாடகை வண்டிக்கு அடிக்கடி சோதனை, சொந்த வண்டிக்கு நம்பிக்கை. 1879-ன் குதிரை வண்டி யோசனை அப்படியே தொடர்ந்தது.

இந்தச் சட்டம் கடலூரில் செல்லும், அரியாங்குப்பத்தில் செல்லாது. பிரெஞ்சு நிலப்பகுதி ஒரே துண்டாக இல்லாமல் நடுநடுவே பிரிட்டிஷ் கிராமங்களோடு சிதறிக் கிடந்தது. வில்லியனூர், பாகூர் பக்கம் ஒரு சாலையில் நேராகப் போனாலே ராஜ்ஜியம் மாறும். பாரிஸில் போட்ட ஆணையும் இங்கே தானாக அமலுக்கு வராது. கவர்னர் இங்கே பிரகடனம் செய்தால்தான் செல்லும். சாலை ஒன்று, அதன் மேல் சட்டம் இரண்டு.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இந்தியச் சட்டங்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1954-ல் ஒரு ஆணை, 1963-ல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் என்று தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டன. வாகன வரி மட்டும் புதுச்சேரியின் சொந்தச் சட்டம்தான். அந்த வரி குறைவு என்பதால் இந்த ஊர்த் தெருவையே பார்க்காத சொகுசுக் கார்கள் பல பி.ஒய். நம்பரோடு வெளிமாநிலங்களில் ஓடிய கதை தனி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தாள் இருந்தது, தரை இல்லை

இன்றைய விதிப்படி புது டாக்ஸி, லாரி, பஸ்ஸுக்கு முதலில் இரண்டு வருஷம். எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். எஃப்.சி. வருகிறது என்றால் ஆட்டோக்காரர் வீட்டில் பட்ஜெட் ஆட்டம் காணும். டிங்கரிங், பட்டி, பெயிண்ட், ஸ்டிக்கர், மீட்டர், டயர். அத்தனை நாளும் சவாரி கிடையாது. அதனால்தான் எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டுக் கழற்றுகிற பழக்கமெல்லாம் உண்டானது. அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் பரீட்சை என்று வைத்தால் எல்லோரும் அந்த ஒரு நாளுக்குத்தான் படிப்பார்கள்.

அதற்கு விலை என்ன என்பது 2012 ஜூலை 25 அன்று தெரிந்தது. தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் குழந்தை சாலையில் விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அதே வருஷம் தமிழ்நாடு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. புதுச்சேரியிலும் இப்போது பள்ளி திறக்கும் முன் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அவசர வழி, தீயணைப்பான், படிக்கட்டு, தரை எல்லாம் பார்க்கிறார்கள்.

'ஏறும் முன் குனிந்து பார்க்க முடியாதவர்' என்று மேலே சொன்னேன் இல்லையா? அதற்கு ஏழு வயசுக் குழந்தையை விடப் பொருத்தமான ஆள் யாரும் இல்லை. எல்லாக் கண்களும் அவளுக்காகத்தான். அத்தனையும் தவறிவிட்டது.

இனி இயந்திரம் பார்க்கும்

2021 செப்டம்பரில் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை வெளியிட்டது. சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, ஒவ்வொன்றிலும் பிரேக் விசை எவ்வளவு, இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கருவியே அளக்கும். முகவிளக்கு, புகை எல்லாவற்றுக்கும் கருவி உண்டு. எண் வரம்புக்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில்.

என் ஸ்கூட்டர் விஷயத்தில் இது உதவியிருக்கலாம். கணக்கு இதுதான். பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். நான் காலையில் ஓட்டிக் காட்டியது 20 கிலோமீட்டர் வேகத்தில். இ.சி.ஆரில் 60-ல் போகும்போது அதே ஷூ ஒன்பது மடங்கு ஆற்றலை உறிஞ்ச வேண்டும். 20-ல் நின்ற வண்டி 60-ல் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆய்வாளர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த இடத்திலும் நேரத்திலும் வண்டி நின்றது, அதை எழுதினார்.

ஆனால், கருவியும் அந்த ஒரு நாளைத்தான் அளக்கும். வாடகை டயர் உருளை மேலும் நன்றாகவே சுற்றும். சொந்த வண்டிக்கோ நம் நாட்டில் முதல் சோதனை 15 வருஷம் கழித்து, அடுத்தது ஐந்து வருஷம் கழித்து. ஒரு செட் பிரேக் ஷூவின் ஆயுசு அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று உங்கள் மெக்கானிக்கையே கேட்டுப் பாருங்கள்.

140 வருஷத்துக்கு மேலான இந்தக் கதையில் சோதிக்கும் ஆள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்: நகராட்சி ஆள், சுரங்க இன்ஜினியர், பிரேக் இன்ஸ்பெக்டர், இப்போது உருளைக் கருவி. இரண்டு சோதனைகளுக்கு நடுவில் உள்ள நாட்களை யார் பார்ப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி. அந்த நாட்களில் வண்டி நம்மிடமும் மெக்கானிக்கிடமும்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஷூ மாற்றியதும் அண்ணன் வண்டியை எடுத்துத் தெருமுனை வரை வேகமாகப் போய் பின் பிரேக்கை மட்டும் மிதித்தார். டயர் கீறி நின்றது. திரும்பி வந்து சாவியைக் கொடுத்தபடி, "இப்ப பாஸ் தம்பி," என்றார். அவர் எந்தத் தாளும் கொடுக்கவில்லை. ஆறு மாசத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். போனில் ரிமைண்டர் போட்டுவிட்டேன்.